பண்ணை வரப்பில் பிடித்த நண்டு

நண்டு பிடிப்பதில் மேலநெடுஞ்சேரித் தெருவில் அம்சத்தை மிஞ்ச ஆள் கிடையாது. வளைக்குள் முழங்கை மறையும் அளவுக்குக் கையை விடுவாள். முகத்தைக்கூடச் சுளிக்க மாட்டாள். வெளியே எடுக்கும்போது கொடுக்கு இரண்டும் அவள் பிடிக்குள் அடங்கி நண்டு வரும். பக்கத்தில் நிற்கிற பெண்கள் பாம்பு இருக்கப்போகிறது என்று அலறுவார்கள். "வாசல்ல புது மண்ணு உருட்டிப் போட்டிருக்கு பாருடி, பாம்பு எங்கயாச்சும் மண்ணு தள்ளுமா?" என்று கேட்டுவிட்டு அடுத்த வளைக்குப் போய்விடுவாள்.

சம்பா நடவு முடிந்த கையோடு நண்டுக்கும் கொண்டாட்டம் வந்துவிடும். இளம் நாற்றின் தண்டைக் கத்தரித்துப் போடும், வரப்பைத் துளைத்துத் தண்ணீரை அடுத்த வயலுக்கு அனுப்பிவிடும். அதனால் நண்டைப் பிடித்துக்கொண்டு போகிற பெண்களை எந்த மிராசுதாரும் தடுத்ததில்லை. பயிர் பிழைத்தது என்று அவர்களும் சும்மா இருப்பார்கள், கறி கிடைத்தது என்று தெருவும் சும்மா இருக்கும். காசு கொடுத்துக் கறியோ மீனோ வாங்க முடியாத வீடுகளில் குழம்பு மணத்தது அந்த நண்டால்தான்.

அம்சத்துக்கு இதில் ஒரே ஒரு சட்டம் உண்டு. செத்த நண்டு சட்டியில் ஏறக் கூடாது. கூடையைக் கவிழ்த்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பாள். காலை ஆட்டினால் நல்ல நண்டு, ஆட்டாவிட்டால் வாய்க்காலில் எறிந்துவிடுவாள். அவள் தாய்க்கும் அதுதான் சட்டம், தெருவில் அத்தனை பேருக்கும் அதுதான் சட்டம். அந்தச் சட்டத்தை நம்பி அதுவரை யாரும் கெட்டதில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் அந்தப் புரட்டாசி வந்தது. கோட்டையில் ஆட்சிகள் மாறிப் பல வருஷம் ஆகியிருந்தது. நில உச்சவரம்பு வந்தது, குடியிருந்த மனைக்குப் பட்டா வந்தது, கூலிக்கும் ஒரு சட்டம் வந்தது. எல்லாம் வந்தும் என்ன? நடவுக் கூலிக்கு மட்டும் ஒவ்வொரு பருவமும் புதிதாகச் சண்டை போட்டுத்தான் ஆக வேண்டும். அந்த வருஷம் சண்டை பெரிய பண்ணை ரெங்கசாமியோடு. தெருவின் விவசாயக் கூலிச் சங்கத்துக்குத் தலைவன் வேறு யாருமில்லை, அம்சத்தின் புருஷன் கண்ணுசாமிதான்.

"கூலி முடிவாகிற வரைக்கும் நம்மாளு ஒருத்தரும் பண்ணை வரப்புல காலு வைக்கக் கூடாது. பேச்சு வார்த்தையும் கூடாது. மீறினா அது எம் பொண்டாட்டியா இருந்தாலும் நான் பாக்க மாட்டேன்" என்று சங்கக் கொட்டகையில் கண்ணுசாமி சொன்னான். கூட்டம் கை தட்டியது. அம்சமும் தட்டினாள். நல்ல மனுஷன்தான் கண்ணுசாமி, ஒரு காசு தனக்கென்று எடுக்காதவன். ஆனால் சங்கக் கொட்டகையில் உட்கார்ந்துவிட்டால் வீடு என்று ஒன்று இருப்பதே அவனுக்கு மறந்துபோகும்.

ரெங்கசாமி வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து நட்டுக்கொண்டார். தெரு வேலையில்லாமல் கிடந்தது. ரேஷன் அரிசியை வைத்துக் கஞ்சி ஓடியது. இந்த நேரம் பார்த்து அம்சத்தின் மகள் ஆனந்தவல்லி வேதாரண்யத்திலிருந்து பையோடு வந்து இறங்கினாள். வயிற்றில் ஐந்து மாசம். புருஷன் கோவிந்தராசுக்கு உப்பளத்தில் வேலை. உழைப்பாளிதான், சாயங்காலமானால் சாராயக்கடைப் பக்கம் கால் இழுத்துவிடும். அதற்காகச் சண்டை போட்டுக்கொண்டு வந்திருந்தாள். மழைத் தூற்றலில் நனைந்து மார்ச்சளி வேறு கட்டியிருந்தது.

அடுத்த வாரம் மாப்பிள்ளையே தேடிக்கொண்டு வந்துவிட்டான். விடிந்தும் விடியாமலும் முதல் பஸ்ஸில் இறங்கி வாசலில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான்.

"வாங்க மாப்ள, ஏன் அங்கயே நிக்கிறீங்க?" என்றாள் அம்சம்.

"அத்தை, இனிமே தொடமாட்டேன்னு கோடியக்கரை முனியன் மேல சத்தியம் பண்ணிட்டு வந்திருக்கேன். அவளை அனுப்பி வைங்க" என்றான். முதல்நாள் குடித்தது இன்னும் அவன்மேல் வீசியது. அது கடைசிக் குடி என்று அவனே சொன்னான்.

அம்சத்துக்குச் சிரிப்பும் வந்தது, நிம்மதியும் வந்தது. உள்ளே பார்த்தால் மகள் முகத்திலும் பாதிக் கோபம் இறங்கியிருந்தது. இந்த நேரத்தில் வயிறாரச் சோறு போட்டு அனுப்பிவிட்டால் குடும்பம் நிமிர்ந்துவிடும். பானைக்குள் கையை விட்டுப் பார்த்தாள். அரிசி இருந்தது, அவ்வளவுதான். கோபித்துக்கொண்டு போன பெண்டாட்டியைக் கூப்பிட வந்த மாப்பிள்ளைக்கு வெறும் கஞ்சியா ஊற்றுவது? மானம் போய்விடாதா?

கண்ணுசாமி விடிவதற்கு முன்பே சங்கக் கொட்டகைக்குப் போயிருந்தான். அம்சம் கூடையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு பின்வாசல் வழியாக இறங்கினாள். தெருக்காரர்களின் துண்டு நிலங்களில் நண்டை எல்லோரும் சேர்ந்து காலி செய்து நாளாயிற்று. மிச்சம் இருந்தது பண்ணை வயல் மட்டும்தான். யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ரெங்கசாமியின் வரப்பில் கால் வைத்தாள்.

வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அட ஆச்சரியமே! வளைக்குள் கை விட வேண்டிய வேலையே இல்லை. நண்டுகள் தாமாக வெளியே வந்து வரப்பு மேட்டில் உட்கார்ந்திருந்தன. பெரிய பெரிய நண்டு. கிட்டே போனால் ஓடவும் இல்லை, கொடுக்கைத் தூக்கிப் பயம் காட்டவும் இல்லை. ஆள் நடமாட்டம் இல்லாததால் குளிர் விட்டுப்போயிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தாள். எல்லாம் காலை ஆட்டின. மாப்பிள்ளை வந்த ராசி என்று முகம் மலர்ந்து கூடையை நிரப்பிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள்.

மகளுக்கு முதலில் சாறு வைத்தாள். நண்டை இடித்துப் பிழிந்து, மிளகும் பூண்டும் தட்டிப்போட்டுக் கொதிக்க வைத்துச் சூடாகக் கொடுத்தாள். "ஒரே மூச்சா குடிச்சிரு வல்லி, சளி பூரா கரைஞ்சு வந்திரும்" என்று பக்கத்தில் நின்று குடிக்கவைத்தாள். மாப்பிள்ளைக்குப் புளி கரைத்துக் குழம்பு வைத்துச் சோறு போட்டாள். அவன் ரசித்துச் சாப்பிட்டான். அவர்கள் சாப்பிட்டு மிஞ்சினால் பார்த்துக்கொள்ளலாம் என்று அவள் கஞ்சியைக் குடித்தாள்.

சாப்பிட்ட இலையை எடுத்துப் போட்டுவிட்டு உள்ளே வந்தவள் கண்ட காட்சி இருக்கிறதே, ஐயோ! வல்லி சுவரோடு சரிந்து கிடந்தாள். வாயிலிருந்து எச்சில் ஒழுகிக்கொண்டே இருந்தது. உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது. கன்னத்துச் சதையும் தோள் சதையும் தாமாகத் துடித்தன. கூப்பிட்டால் பதில் இல்லை. "வல்லி! அடியே வல்லி!" என்று அம்சம் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது.

கோவிந்தராசுதான் அவளைத் தூக்கினான். தூக்கிக்கொண்டு ரோடு வரைக்கும் ஓடி, வந்த உர லாரியை மறித்து ஏற்றினான். லாரி குலுங்கிய குலுக்கலில் வழியில் அவனும் ஒருதரம் எட்டிக் குனிந்து வாந்தி எடுத்தான். அதையெல்லாம் கவனிக்கிற நிலையில் அம்சம் இல்லை.

அரசாங்க ஆஸ்பத்திரியில் டாக்டர் அப்துல் ஹமீது என்று ஒருவர் இருந்தார். நாகூர்க்காரர், சின்ன வயசு. வல்லியைப் பார்த்த உடனேயே நர்ஸிடம் ஊசி மருந்தின் பேரைச் சொல்லிக் கத்தினார். ஊசியைப் போட்டுக்கொண்டே அம்சத்தைப் பார்த்து, "என்ன மருந்தும்மா குடிச்சா? புட்டி எங்க?" என்று கேட்டார்.

"என்ன மருந்து?"

"பூச்சிமருந்து. வேற என்ன? இந்தப் பக்கத்துல தினம் ஒருத்தராவது குடிச்சிட்டுத்தானே வர்றாங்க. வீட்டுல என்ன சண்டை?"

அம்சத்துக்குத் தலையில் இடி விழுந்தது. என் மகளா? வயிற்றுப் பிள்ளையோடு இருக்கிறவளா மருந்து குடித்தாள்? கொஞ்ச நேரத்துக்கு முன்னால் புருஷன் முகத்தைப் பார்த்து ஒளிந்து சிரித்தவளாயிற்றே! அப்படியானால் இரண்டு பேரும் தனியாக இருந்தபோது இவன் என்ன சொன்னான்? என்ன செய்தான்?

வராந்தாவுக்குப் பாய்ந்து வந்தாள். கோவிந்தராசு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். சட்டையைக் கொத்தாகப் பிடித்து முகத்துக்கு நேராக இழுத்தாள்.

"அடப்பாவி! எம் மவளை என்னடா சொன்னே? மருந்து குடிக்கிற அளவுக்கு என்னடா சொன்னே?" என்று கன்னத்தில் அறைந்தாள்.

"அத்த... நா... ஒண்ணும்..." என்றான். நாக்குக் குழறியது. கால் நிலைகொள்ளவில்லை.

அதற்குள் சேதி கேட்டுக் கண்ணுசாமியும் சைக்கிளில் வந்துவிட்டான். கூட்டம் கூடிவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் காவலுக்கு இருந்த ஏட்டு வந்து மாப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்தார், மோந்தும் பார்த்தார். "காலையிலேயே ஏத்திக்கிட்டு வந்திருக்கான் பாரு. பொண்டாட்டி உள்ள சாகக் கெடக்கா, இவனுக்கு வாய் வேற கோணுது" என்று சொல்லி, தள்ளிக்கொண்டு போய் வாசல் அறையில் உட்காரவைத்தார். அம்சம் அவன் முதுகுக்குப் பின்னால் மண்ணை வாரித் தூற்றினாள்.

டாக்டர் மறுபடியும் கூப்பிட்டார். அவர் முகத்தில் ஒரு குழப்பம் இருந்தது.

"இங்க பாருங்கம்மா. மருந்து குடிச்சவங்க கிட்ட போனாலே ஒரு மண்ணெண்ணெய் வாடை அடிக்கும். உங்க மவ வாயில மிளகும் பூண்டுந்தான் மணக்குது. காலையில என்ன சாப்பிட்டா?"

அம்சம் வாயைத் திறந்தாள். பக்கத்தில் கண்ணுசாமி நின்றான். அவனுக்குப் பின்னால் சங்கத்து ஆட்கள் நின்றார்கள். நண்டு என்று சொன்னால் எந்த வயல் நண்டு என்று கேட்பார்கள். தலைவன் பெண்டாட்டியே பண்ணை வரப்பில் திருட்டுத்தனமாகக் கால் வைத்தாள் என்றால் அந்த மனுஷன் இனி எந்த முகத்தோடு கொட்டகையில் நிற்பான்? நண்டு உயிரோடு இருந்த நண்டுதானே, அதனால் என்ன வந்துவிடப்போகிறது?

"மிளகு ரசமுங்க" என்றாள்.

டாக்டர் தலையை ஆட்டிவிட்டு வல்லியின் இமையைத் தூக்கினார். "பாருங்க, கண்மணி எப்படிச் சுருங்கியிருக்குன்னு. விஷம் உள்ள போகாம கண்ணு இப்படி ஆகாது. ஊசி வேலை செஞ்சா இது விரியும்" என்றார்.

அம்சம் குனிந்து பார்த்தாள். கறுப்பு மணி கடுகளவுகூட இல்லை. ஊசி முனையால் குத்தி வைத்த புள்ளி மாதிரி இருந்தது.

இதே கண்ணை அவள் இப்போதுதான் வேறு ஒரு முகத்தில் பார்த்திருந்தாள். சட்டையைப் பிடித்து முகத்துக்கு நேராக இழுத்தபோது பார்த்தாள். இதே புள்ளி, இதே வேர்வை, இதே ஒழுகல்.

அவனும் மருந்து குடித்தானா? இரண்டு பேருமா? இரண்டு பேரும் சேர்ந்து குடிக்க ஏது மருந்து, ஏது நேரம்? இரண்டு பேரும் ஒன்றாக வாயில் வைத்தது ஒன்றே ஒன்றுதான். அதை வைத்தது அவள் கை. ஓடாமல் உட்கார்ந்திருந்த நண்டுகள் கண் முன்னால் வந்து நின்றன.

"ஐயா! நண்டுங்கய்யா! பண்ணை வரப்பு நண்டு! நான்தான் புடிச்சேன், நான்தான் ஆக்கிப் போட்டேன்! எம் மருமவனும் தின்னிருக்காரு, அவருக்கும் கண்ணு இப்படித்தான் இருக்கு. அங்க வாசல்ல உக்காத்தி வச்சிருக்காங்க. ஓடுங்கய்யா, எம் புள்ளையக் காப்பாத்துங்க!" என்று வார்டு அதிரக் கத்தினாள். கண்ணுசாமியின் முகத்தை அவள் பார்க்கவே இல்லை.

டாக்டர் ஓடினார். வாசல் அறையில் கோவிந்தராசு பெஞ்சிலிருந்து கீழே விழுந்து கிடந்தான். குடிகாரன் தூங்குகிறான் என்று ஏட்டு அவனைத் தாண்டிப் போய் டீ குடித்துக்கொண்டிருந்தார். நெஞ்சில் களகளவென்று நீர்க்கட்டுச் சத்தம் கேட்டது, உதடு நீலம் பாரித்திருந்தது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் டீக் கிளாஸைக் கீழே வைப்பதற்குள் ஆள் போயிருப்பான். ஊசி மேல் ஊசி போட்டார்கள். வாயில் ஊறியதைக் குழாய் வைத்து உறிஞ்சினார்கள். அம்சம் வராந்தாத் தரையில் உட்கார்ந்து தன் வலது கையை மடியில் போட்டுக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெயில் சாய்கிற நேரத்துக்குத்தான் டாக்டர் வந்தார். இரண்டு பேருக்கும் எச்சில் நின்றிருந்தது, மூச்சு சீராகியிருந்தது. வல்லியின் வயிற்றில் குழந்தைத் துடிப்பும் கேட்டது.

"பண்ணையில குருணை மருந்து போட்டிருப்பாங்க. மண்ணுல தூவுற மருந்து. அதுக்கு வாடை இல்லை" என்றார்.

"எல்லா நண்டும் உசிரோடதான் இருந்துச்சுய்யா. நான் தட்டிப் பாத்தேன்."

"உசிரோட இருந்தா விஷம் ஏறலைன்னு அர்த்தமில்லம்மா. விஷம் ஏறுனதாலதான் அது வளையை விட்டே வெளிய வந்திருக்கு. ஓடத் தெம்பு இல்ல, அதான் உக்காந்திருக்கு. கொஞ்ச நேரம் கழிச்சுப் போயிருந்தா செத்ததைப் பாத்திருப்பீங்க, தொட்டிருக்க மாட்டீங்க."

"கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சினேனே, புளி ஊத்தினேனே..."

"சமையல் கொதியில இந்த விஷம் முழுசாப் போகாது. புளி அதை முறிக்கவும் முறிக்காது." டாக்டர் அவளருகில் குந்தி உட்கார்ந்து, தன் கைச் சதையைத் தொட்டுக் காட்டினார். "நரம்பு இந்தச் சதைக்கு ஒரு சேதி அனுப்பும், சதை அசையும். அசைஞ்ச உடனே அந்தச் சேதியைத் துடைச்சுவிடறதுக்கு உடம்புல ஒரு சரக்கு இருக்கு. இந்த மருந்து அந்தச் சரக்கைக் கட்டிப்போட்டுரும். சேதி நிக்காமப் போய்க்கிட்டே இருக்கும். எச்சில் ஊறச் சொன்னா ஊறிக்கிட்டே இருக்கும், துடிக்கச் சொன்னா துடிச்சுக்கிட்டே இருக்கும். கடைசியில மூச்சு விடற சதையே களைச்சு நின்னுரும். பூச்சியைக் கொல்லறது இப்படித்தான். பூச்சிக்கும் நண்டுக்கும் நமக்கும் இந்த ஒரு ஏற்பாடு ஒண்ணுதாம்மா. மருந்துக்கு ஆள் அடையாளம் தெரியாது."

அம்சத்துக்குப் பாதி புரிந்தது. புரிந்த பாதியே அவளை உலுக்கிப் போட்டது. நாற்றைக் காப்பாற்ற மண்ணில் தூவியது மகளின் தொண்டை வரைக்கும் வந்து நின்றிருக்கிறது. நடுவில் வந்த ஒருவருக்கும் அது கண்ணில் படவில்லை, மூக்கில் படவில்லை.

"எப்பவும் தெருப் பொம்பளைங்களை விட்டுத்தானேய்யா மருந்து தூவுவாங்க. எந்த வயல்ல தூவினோம்னு எங்களுக்குத் தெரியும், அந்தப் பக்கம் நண்டுக்குப் போக மாட்டோம். இந்தத் தடவை வெளியூர் ஆளு தூவிட்டுப் போயிட்டான். எங்களுக்கு யாரு சொல்லுவா?" என்று அழுதாள்.

அப்போதுதான் பண்ணைக் காரியக்காரர் நடராசன் வராந்தாப் படியேறி வந்தார். விஷயம் கேள்விப்பட்டு ரெங்கசாமி அனுப்பியிருந்தார். சங்கத்து ஆட்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு, "தெருவையே கொல்லப் பாத்தீங்களாய்யா?" என்று கையை ஓங்கினார்கள். நடராசன் அவர்களைப் பார்க்கவில்லை. நேராகக் கண்ணுசாமியைப் பார்த்தார்.

"என்ன கண்ணுசாமி, நேத்து சாயங்காலம் நானே கொட்டகை வாசலுக்கு வந்து சொன்னேனேய்யா. வரப்போரம் பூரா குருணை போட்டிருக்கு, பொம்பளைங்க யாரும் நண்டுக்கு வர வேணாம்னு சொல்லிருன்னு தலையில அடிச்சுச் சொன்னேனே. நீ யாருக்கும் சொல்லலையா?"

ஓங்கிய கைகள் தாமாக இறங்கின. எல்லோரும் கண்ணுசாமியைப் பார்த்தார்கள். அவன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான், வேர்க்காத இடத்தையும் துடைத்தான்.

"பண்ணைப் பக்கத்துப் பேச்சை நானே தெருவுக்குக் கொண்டுவந்தா ஜனம் என்ன நினைக்கும்? நண்டுகூட எடுக்காதேன்னு மிரட்டுறாங்கன்னுதான் நினைச்சேன்" என்றான். அம்சத்தின் பக்கம் திரும்பினான். "நாந்தான் வரப்புல காலு வைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன்ல. அதுக்கப்புறம் எவ போகப்போறான்னு இருந்துட்டேன் அம்சம்."

அம்சம் எழுந்து நின்றாள். மாப்பிள்ளையின் சட்டையைப் பிடித்து உலுக்கின கை, சாறு பிழிந்த கை, இப்போது சும்மா தொங்கியது. கத்தவும் தெம்பு இல்லை.

"கூலி நின்னு எத்தனை நாளாச்சு," என்றாள். "நம்ம வீட்டு அடுப்புல என்ன வேகுதுன்னு ஒரு நாளாச்சும் கேட்டீங்களா?"